எப்சிக்கு முப்பத்தொரு இரங்கல்

சீட்டு எனக்கும் இருக்குங்கய்யா. இதோ, உங்க பக்கத்துலதான். சட்டை கசங்கிரும்னுதான் மதுரையில இருந்து நின்னுக்கிட்டே வர்றேன். வீட்டுக்காரி காலையில ரெண்டு தடவை தேய்ச்சுக் குடுத்தா. சென்னையில நாலு மணிக்கு இன்டர்வியூ. சரி, சரி, உட்கார்றேன். நீங்க சொல்றதும் நியாயந்தான், எழும்பூர் வரைக்கும் நின்னா அங்க போயி நாக்குத் தள்ளிரும். பின்னால சாயாம உட்கார்ந்தாப் போதும்.

திண்டுக்கல் வந்துருச்சு பாருங்க. இந்த ஊர்லதான்ங்கய்யா என் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுச்சு. ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோவுல பத்து நிமிஷம், ஒரு ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். நூத்தி இருபது படுக்கை. ஏழு வாரம் அதுலதான் கிடந்தேன். சீக்காளியா இல்லைங்க, வேலையா.

சாஃப்ட்வேர்தான். அதுக்குள்ள அப்படிப் பார்க்காதீங்க, நான் எழுதுறவன் இல்லை. எழுதுறவன் ஏசியில உட்கார்ந்து எழுதிட்டுப் போயிருவான். அதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில நிறுத்தி, நர்ஸு, லேப்பு, மருந்துக்கடை, கவுன்டருன்னு எல்லாரையும் அதுல பழக்கி, அவங்க காலங்காலமா எழுதுன நோட்டைக் கையில இருந்து வாங்கி வச்சுட்டு வர்றவன் நான். கல்யாணம் பண்ணி வைக்கிறது ஒருத்தன், குடித்தனம் நடத்த வைக்கிறது இன்னொருத்தன்னு வச்சுக்கோங்களேன். நான் ரெண்டாவது ஆளு. எட்டு வருஷம், பதினாலு ஆஸ்பத்திரி. பேரு சோலைமலை. ஆபீஸ்ல சோலைம்பாங்க.

இப்பப் போற இன்டர்வியூ யார் சொல்லி வந்துச்சுன்னு கேளுங்க. எப்சி சொல்லி. எப்சிபான்னு முழுப்பேரு, தூத்துக்குடிக்காரப் புள்ள, இருபத்தேழு வயசு. ஒரு வருஷமா எவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சுச்சோ, அவ சொல்லி. எப்படி இருக்கு?

பொறாமையான்னா பொறாமைதான். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது, எழும்பூர்ல இறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. பாதியில சொல்லக்கூடாது. என் வீட்டுக்காரி பாதியிலயே, "தப்பு உங்க மேலதான்"னுட்டா.

எங்க மேனேஜர் பிரேம்நாத் சார். தங்கமான மனுசன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு ஆயிரம் தலைவலி. என்ன, முடியாதுங்கிற வார்த்தை மட்டும் வாயில வராது. முதல் நாள் ஆஸ்பத்திரியில மீட்டிங்கு. அங்க முதலாளியை எல்லாரும் பெரிய டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க. அவரு சொன்னாரு: "ஆடியில நான் புதுசா எதையும் ஆரம்பிக்கிறதில்லை. நீங்க நிதானமா ஆவணியில ஓட்டுங்க போதும்." அவரே வழி விடுறாரு பாருங்க! எங்காளு என்ன சொல்லணும்? சரிங்க சார்னு சொல்லணும். "எதுக்கு சார் ஆவணி வரைக்கும்? ஆனியிலயே டன் சார்"னுட்டாரு.

நாலு மாச வேலை. ஏழு வாரமாப் போச்சு. நான் மேஜைக்குக் கீழ விரல் விட்டு வாரத்தை ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். பக்கத்துல எப்சி காலண்டரை எடுத்து ஆனி கடைசி எப்ப வருதுன்னு பார்த்துக்கிட்டிருந்தா. பயந்த மாதிரியே தெரியலை. அன்னைக்கே எனக்குப் பிடிக்கலை.

திரும்பி வரும்போது பிரேம்நாத் சார் என் தோள்ல கையைப் போட்டாரு. "சோலை, இதுக்கு நீங்கதான் லீட். எப்சி உங்களுக்கு ஒத்தாசைக்கு. நல்லபடியா முடிச்சீங்கன்னா தீபாவளிக்கு ப்ராஜெக்ட் மேனேஜர் போஸ்ட்டு. ஒரே ஒரு இடந்தான் இருக்கு"ன்னாரு. எட்டு வருஷமா அந்த வார்த்தைக்குத்தான் காத்துக் கிடந்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமனார் வீட்டுக்குப் போனா, "மாப்பிள்ளை, இன்னும் அதே வேலைதானா?"ன்னு கேட்பாரு. கேட்டுட்டு சோறு போடச் சொல்வாரு. அந்தச் சோறு இறங்குமா?

மூணாவது நாள் டீ குடிச்சுக்கிட்டிருக்கும்போது எப்சி கேக்குறா: "ஏண்ணே, லீட்டுன்னு என்கிட்ட சொன்னாரே பிரேம்நாத் சாரு, உங்ககிட்டயும் அதையேதான் சொல்லியிருக்காரா?"

எனக்கு டீ புரையேறிப் போச்சு. போஸ்ட்டைப் பத்தியும் சொன்னாரான்னு கேட்டேன். சொன்னாராம். தீபாவளி, ஒரே ஒரு இடம், எல்லாம் எழுத்துக்கு எழுத்து அதே. அதைச் சொல்லிட்டு அவ சிரிக்கிறா! "சரி விடுங்கண்ணே, ரெண்டு பேருமே லீட்டா இருப்போம், வேலைதான் மலையாக் கெடக்கே"ங்கிறா. எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. இந்தப் புள்ள லேசுப்பட்டது இல்லை. பிரேம்நாத் சார் ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பாரு, அதைப் பிடிச்சுக்கிட்டு என் சோத்துல மண்ணள்ளிப் போட வந்துருக்குன்னு.

வேலை நடந்த லட்சணத்தைக் கேளுங்க. காலையில ஒன்பதரைக்கு ஒரு போன் மீட்டிங்கு, சாயங்காலம் அஞ்சுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். அதுக்கு ஒரு பட்டியல் வச்சிருந்தோம், எது முடிஞ்சுது எது முடியலைன்னு. முடிஞ்சது பச்சை, நடக்குறது மஞ்சள், தொடாதது சிவப்பு. பிரேம்நாத் சார் நிறத்தை மட்டுந்தான் பார்ப்பாரு. "ஏன் சோலை இத்தனை சிவப்பு? பெரிய டாக்டருக்கு இதை அனுப்பணும், கொஞ்சம் பச்சையா இருக்கட்டுமே"ம்பாரு. நான் ஆக்கிக் குடுத்துருவேன். வேலைதான் பின்னால பார்த்துக்கலாமே. எப்சி மட்டும் சிவப்பைச் சிவப்பாவே வைப்பா, திட்டு வாங்குவா. வாங்கட்டுமேன்னு இருந்தேன்.

நான் முறைப்படி போறவன். மாடி ஹால்ல நர்ஸுங்களையும் கவுன்டர்காரங்களையும் உட்கார வச்சு, திரை போட்டு, நாப்பத்தி ரெண்டு பக்கம் விளக்கிச் சொன்னேன். பத்தாவது பக்கத்துலயே பாதிப் பேருக்குக் கண்ணு சொருகிருச்சு. நைட் டூட்டி பார்த்துட்டு வந்தவங்களையும் உட்கார வச்சிருந்தா நான் என்ன செய்யட்டும்? எப்சி ஹால் பக்கமே வரலை. கீழ சீட்டு எழுதுற கவுன்டர்ல, காளீஸ்வரி அக்கா பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு மூணு நாளு உட்கார்ந்துட்டா. வேடிக்கை பார்க்குறா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். நேரத்தை வீணடிக்கிறா, நல்லா வேணும்னு.

காளீஸ்வரி அக்கா அந்தக் கவுன்டர்ல பத்தொன்பது வருஷமா இருக்கிற அம்மா. அவங்ககிட்ட ஒரு நீள நோட்டு உண்டு. அதுல யாரையும் வெறும் பேரால எழுத மாட்டாங்க. பேரு பாண்டி, பக்கத்துல "வத்தலக்குண்டு பூக்கடை." இன்னொரு பாண்டி, "மினிபஸ் டிரைவர்." இன்னொருத்தர், "ரெட்டைப் பிள்ளை அப்பா." அந்த ஊர்ப்பக்கம் எத்தனை பாண்டி இருக்காங்கன்னு நினைக்கிறீங்க? "உங்க கம்ப்யூட்டர்ல என் பாண்டியை எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?"ன்னு அந்தம்மா என்கிட்டதான் முதல்ல கேட்டுச்சு. நான் விவரமாச் சொன்னேன்: "அதுக்கு இடமில்லைக்கா. வேணும்னா எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன், மூணு வாரத்துல பதில் வரும்." அதான் முறை.

எப்சி என்ன பண்ணா தெரியுமா? எங்க சாஃப்ட்வேர்ல முதல் பேரு, நடுப்பேரு, கடைசிப் பேருன்னு மூணு கட்டம் இருக்கும். வெளிநாட்டுல செஞ்ச அச்சு. நம்ம ஊர்ல யாருக்குங்கய்யா நடுப்பேரு இருக்கு? எட்டு வருஷமா, பதினாலு ஆஸ்பத்திரியிலயும் அந்தக் கட்டம் காலியாத்தான் கிடக்கும். அவ அதோட தலைப்பை மட்டும் "அடையாளம்"னு மாத்திட்டா. பத்து நிமிஷ வேலை. காளீஸ்வரி அக்கா "பூக்கடை"ன்னு அடிக்குது, பாண்டி வந்து நிக்கிறாரு.

அந்தம்மா எந்திரிச்சு எப்சி கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சுச்சு. பெரிய டாக்டரு கீழ இறங்கி வந்து பார்த்தாரு. நான் தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். பொய் சொல்லலைங்கய்யா, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் அடிச்ச மாதிரி ஆயிருச்சு. எட்டு வருஷமா என் கண்ணு முன்னால கிடந்த கட்டம். எனக்கு ஏன் தோணலை? ஏன் அவளுக்குத் தோணணும்? ரூமுக்கு வந்து படுத்தா அந்தக் கட்டந்தான் கண்ணுல நிக்குது.

அப்புறம் எல்லாமே அவதான். பிரிண்டர்ல பேப்பர் மாட்டினாக்கூட "அந்தப் புள்ளையை வரச்சொல்லுங்க"ம்பாங்க. நான் பக்கத்துல நிப்பேன். காளீஸ்வரி அக்கா ரெண்டு டிபன் பாக்ஸ் கொண்டாரும், ஒண்ணு அதுக்கு, ஒண்ணு எப்சிக்கு. எனக்கு கேன்டீன்ல சாம்பார் சாதம். அந்தப் புள்ள கூப்பிடத்தான் செஞ்சுச்சு, "வாங்கண்ணே, நெத்திலிக் கருவாடு வச்சிருக்காங்க அக்கா"ன்னு. போவேனா நான்? பிச்சையாப் போடுற கருவாடு வேண்டாம்னு சாம்பார் சாதத்தையே தின்னேன். வாசனை என்னவோ அந்தப் பக்கத்துல இருந்து வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

அஞ்சாவது வாரம் பெரிய டாக்டர் லிஃப்ட்ல என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க எந்த மருந்துக் கம்பெனி?"ன்னு கேட்டாரு. சிரிக்காதீங்க. எனக்கு எப்படி இருந்துருக்கும்?

இப்ப நான் சொல்லப்போறதை வச்சு என்னைத் தப்பா நினைக்கக்கூடாது. இது எங்க வேலையில எல்லாரும் பண்றதுதான்.

ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரைச் சோதிக்கணும்னா ஆளு வேணும். பொய்யா ஒரு சீக்காளியைச் சேர்க்கணும், ஊசி போடணும், வீட்டுக்கு அனுப்பணும். அது மட்டும் போதாது, யாராச்சும் சாகவும் வேணும். செத்தா என்னென்ன காகிதம் வரணும், சொந்தக்காரங்களுக்கு என்ன மெசேஜ் போகணும், அதெல்லாம் சரியா வருதான்னு பார்க்கணும்ல? சாகுறதுக்கு ஒரு பேரு போடணும். முதல்ல பிரேம்நாத் சாரைப் போட்டேன். சும்மா விளையாட்டுக்கு. நாய்க்கடி. மூணு தடவை. போன் நம்பருக்கு ஒன்பதை வரிசையா அமுக்கி விட்டேன்.

அந்த நடுப்பேரு சமாச்சாரம் நடந்த அன்னைக்குச் சாயங்காலம் கை தானாப் போயி எப்சிபான்னு அடிச்சுச்சு. வயசு இருபத்தேழு. அடையாளம்னு அவளே வச்ச கட்டத்துல "எல்லாம் தெரிஞ்சவர்"னு போட்டேன். மஞ்சக்காமாலை. சாகடிச்சேன். என்னமோ நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. நல்லாச் சாப்பிட்டேன் அன்னைக்கு.

மறுநாள் தேள்கடி. அதுக்கு மறுநாள் கிணத்துல விழுந்துட்டா. பாராட்டு வாங்கின நாள்ல எல்லாம் ஒரு சாவு. அவ கருவாடு சாப்பிட்ட அன்னைக்கு ரெண்டு. மொத்தம் முப்பத்தொண்ணு. போன் நம்பர் மட்டும் அவளோட நிஜ நம்பரையே போட்டிருந்தேன். வேற ஒண்ணுமில்லைங்கய்யா, எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான். என்ன சிக்கல்னாலும் அவளைத்தானே கூப்பிட வேண்டியிருந்துச்சு.

இதெல்லாம் பழகறதுக்குன்னு வச்ச ஒரு நகல்லதான் நடக்கும். நிஜமா ஓட்டுறது வேற கம்ப்யூட்டர்ல. ஆனா நாலு மாசத்தை ஏழு வாரமாக்கினதுல, தனியா ஒண்ணு ஏற்பாடு பண்ண நேரமில்லை. பழகுன கம்ப்யூட்டரையே துடைச்சுட்டு நிஜத்துக்கு விட்ருங்கன்னுட்டாரு பிரேம்நாத் சார். பட்டியல்ல அதுக்கு ஒரு வரி இருந்துச்சு: "சோதனைப் பதிவுகளைத் துடைத்தல். பொறுப்பு: சோலைமலை." சிவப்பா இருந்துச்சு. கடைசி மீட்டிங்குல பிரேம்நாத் சார், "சோலை, அந்த ஒரு சிவப்பு கண்ணை உறுத்துது"ன்னாரு. பச்சையாக்கிட்டேன். மறுநாள் காலையில வந்து துடைச்சிருவோம்னுதான். சத்தியமா.

மறுநாள் புதன்கிழமை. பெரிய டாக்டர் நல்ல நேரம் பார்த்து வச்சிருந்தாரு, ஒன்பதேகாலு. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆச்சு. ஐயரு மந்திரம் சொல்ல, நர்ஸுங்க எல்லாம் பட்டுச் சேலையில நிக்கிறாங்க. எனக்கு எங்க கண்ணு இருந்துச்சு தெரியுமா? தேங்காயை யாரு உடைக்கப்போறாங்கறதுல. லீட்தானே உடைக்கணும்? பெரிய டாக்டர், "அந்தப் புள்ளைகிட்ட குடுங்க"ன்னாரு. அவ உடைச்சா. ஒரே போடு, சரிபாதி. துடைக்கிற விஷயம் அதோட என் நினைப்புல இருந்து போயே போச்சு.

ஓட விட்டாங்க. எல்லாரும் கை தட்டுறாங்க. மெசேஜ் அனுப்புற சர்வீஸையும் அப்பத்தான் முதல் தடவையாத் திறந்து விட்டது. இத்தனை நாள் வெளிய போக வழியில்லாம உள்ளயே தேங்கிக் கிடந்த மெசேஜ் அம்புட்டும் மடை திறந்த மாதிரி கிளம்பிருச்சு.

எப்சி கையில கேசரித் தட்டு. பெரிய டாக்டர் பக்கத்துல நிக்கிறா. அவ போனு டிங்குங்குது. இன்னொரு டிங்கு. டிங்கு டிங்குன்னு நிக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தா. "எப்சிபா அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். உடலைப் பெற்றுக்கொள்ளத் தரைத்தளக் கவுன்டரை அணுகவும்." முப்பத்தொரு தடவை.

மேல தள்ளித் தள்ளிப் பார்க்குறா. அப்புறம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தா. அந்தக் கூட்டத்துல நேரா என்னைத்தான் பார்த்தா. கோவமா இருந்தாப் பரவாயில்லைன்னு இருந்துச்சு. கணக்குப் போடுற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான். எனக்குப் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னா: "அண்ணே, பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள பெரிய டாக்டரு முதல் ரிப்போர்ட்டைப் பார்க்கணும்னு இருக்காரு. இன்னைய தேதிக்கு முப்பத்தொரு சாவுன்னு காட்டும். நீங்க அவரைப் பேச்சுல பிடிச்சு வைங்க. நான் பாத்துக்கிடுதேன்."

செத்த பதிவை எங்க சாஃப்ட்வேர்ல அழிக்க முடியாதுங்கய்யா. பின்னால கேஸு கீஸுன்னு வந்தா ஆவணம் வேணும்ல. ஒவ்வொண்ணா எடுத்து, இறப்பு தவறான பதிவுன்னு மாத்தி, காரணம் எழுதி, திருத்துறவங்க பேரைப் போட்டுச் சேமிக்கணும். மொத்தமாத் துடைக்கிறதுன்னா ஓட விடுறதுக்கு முன்னாலயே துடைச்சிருக்கணும். பிரேம்நாத் சாரோட மூணு சாவையும் சேர்த்து முப்பத்தி நாலு பேரை உட்கார்ந்து உசுப்பினா அவ. சந்தனம் பூசின கம்ப்யூட்டர் முன்னால, கேசரியை அப்படியே வச்சுட்டு.

நான் சும்மா இருக்கலை. பெரிய டாக்டர் கூட ஒன்றரை மணி நேரம் பேசினேன். அவரும் நானும் மட்டும். ஏழு வாரத்துல எனக்குக் கிடைச்ச முதல் வாய்ப்பு அது. பதினாலு ஆஸ்பத்திரிக் கதையையும் சொன்னேன். "இதை நான்தான் முன்ன நின்னு நடத்துறேன் சார்"னும் காதுல போட்டு வச்சேன். நல்லாத் தலையாட்டிக் கேட்டாரு. கடைசியில, "எல்லாம் சரி, அந்தப் புள்ளை எங்க?"ன்னாரு.

பதினொண்ணு ஐம்பதுக்கு ரிப்போர்ட்டு வந்துச்சு. இறப்பு: பூஜ்யம். பெரிய டாக்டரு கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் உங்ககிட்ட இதைச் சொல்லப் போறேன்? யாரு எதைத் திருத்தினாங்கன்னு வாராவாரம் ஒரு பட்டியல் தானா மேனேஜருக்குப் போகும். போயிருச்சு. அதுல முப்பத்தி நாலு இறப்பு, அதுல மூணு பிரேம்நாத், வயசு ஐம்பத்தி ரெண்டு, நாய்க்கடி. திருத்தியவர்: எப்சிபா. முதல்ல பதிஞ்சது யாருன்னு பார்த்தா, "சோதனை"ன்னுதான் இருக்கும், பழகும்போது எல்லாருக்கும் ஒரே பேருதான். அந்தப் பச்சை வரியில பொறுப்புன்னு என் பேரு இருந்துச்சு, இல்லைங்கலை. ஆனா நான்தான் சொன்னேனே, அவரு நிறத்தைத்தான் பார்ப்பாரு. இந்தப் பட்டியல்லயும் தன் பேரைப் பார்த்தாரு, மிச்ச முப்பத்தொண்ணு யாருன்னு பார்க்கலை.

எங்க ரெண்டு பேரையும் போன்ல கூப்பிட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டு மேஜையில வச்சோம். "எப்சி, உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்? என்னை மூணு தடவை நாய் கடிச்சுச் சாகணுமா?"ன்னாரு.

அவ என்னைப் பார்த்தா. நான் போனைப் பார்த்தேன்.

நான் வாயைத் திறக்கத்தான் இருந்தேன்ங்கய்யா. அதுக்குள்ள அவ, "எல்லாம் க்ளீன் பண்ணியாச்சு சார். இனிமே இப்படி வராது"ன்னா. நான் செஞ்சேன்னும் சொல்லலை, நான் செய்யலைன்னும் சொல்லலை. பிரேம்நாத் சார் போனை வச்சுட்டாரு. அவ எந்திரிச்சு, "வாங்கண்ணே, லேப்ல மிஷின் நின்னுபோச்சாம்"னு போயிட்டா.

நான் பொய் சொன்னேனா? நீங்களே சொல்லுங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?

தீபாவளிக்குப் போஸ்ட்டு எனக்கு. ஆபீஸ்ல முதல் ஆளா வந்து கை குடுத்தது யாருங்கிறீங்க? தூத்துக்குடியில இருந்து ஒரு டப்பா மக்ரூன் வேற. "நீங்க எவ்வளவு நாளாக் காத்துக்கிட்டிருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்ண்ணே"ங்கிறா. அதைத் திங்கவும் முடியலை, தூரப் போடவும் முடியலை. வீட்டுக்குக் கொண்டு போனேன். வீட்டுக்காரி ஒண்ணை வாயில போட்டுட்டு, "யாருங்க குடுத்தா, இம்புட்டு நல்லா இருக்கு?"ங்கிறா. எங்க போனாலும் அவளுக்குத்தான் பாராட்டு.

கார்த்திகையில வேலையை விட்டுட்டா. சென்னையில பெரிய கம்பெனி. திண்டுக்கல்ல இருந்து காளீஸ்வரி அக்கா பஸ் ஏறி வந்து அழுதுட்டுப் போச்சு. பெரிய டாக்டரு சால்வை குடுத்து விட்டாரு. ப்ராஜெக்ட் மேனேஜரான எனக்கு ஒரு பேனா.

போஸ்ட்டு எப்படின்னு கேக்குறீங்களா? நல்லாத்தான் போச்சு ஆரம்பத்துல. எனக்குக் கீழ ரெண்டு பசங்களைக் குடுத்தாங்க. ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா, "நீதாம்ப்பா லீட்"னு சொல்லி வச்சிருக்கேன். அப்பத்தான் வேலை நடக்கும். ஆனா இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒத்துமை பத்தாதுங்கய்யா, ஒருத்தனை ஒருத்தன் பார்த்து முறைச்சுக்கிட்டே திரியுறானுக. என்ன வியாதின்னே தெரியலை. பிரேம்நாத் சாருக்கும் இப்ப என் மேலதான் எரிச்சல். ஏதாச்சும் தப்பாப் போனா, "முன்னாடியெல்லாம் இப்படி ஆகாதே சோலை"ங்கிறாரு. எனக்கு பிபி வந்துருச்சு. அதோட தினமும் போனை எடுத்து அந்தப் புள்ள என்ன பண்ணுதுன்னு பார்த்துருவேன். புது வேலை, புது அவார்டு, கையில பூங்கொத்து. பார்க்காம இருந்தா அன்னைக்குப் பொழுது போகாது.

போன ஞாயித்துக்கிழமை அவளே கூப்பிட்டா. சர்ச்சுல இருந்து வந்துட்டுப் பேசுறாளாம். "அண்ணே, இங்க ஒரு இடம் இருக்கு. ஆஸ்பத்திரி விஷயத்துல உங்க அளவுக்கு அனுபவம் உள்ள ஆளு கிடையாதுன்னு சொல்லியிருக்கேன். புதன்கிழமை வாரீங்களா? நானும் இருப்பேன், பயப்படாதீங்க"ன்னா. எதிர்ல உட்கார்ந்து கேள்வி கேக்கப்போறதே அவதான்ங்கய்யா. அவ கேப்பா, நான் பதில் சொல்லணும்.

எனக்குப் பொறுக்கலை. அன்னைக்கு அந்த மெசேஜ் எல்லாம் பார்த்தியே, ஏன் ஒரு வார்த்தை கேக்கலைன்னு கேட்டுட்டேன். சிரிக்கிறா. "கோவம் வந்துச்சுண்ணே, ரெண்டு நாள் இருந்துச்சு. அப்புறம் வீட்டுல எங்கம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். கிணத்துல விழுந்ததுக்குத்தான் அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க, எனக்கு நல்லா நீச்சல் தெரியும்லா. நீங்க அப்ப தூங்காம அலைஞ்சீங்க, உங்களைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு"ங்கிறா.

பாவமாம். ரெண்டே நாள் கோவமாம். நான் ஏழு வாரமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் அந்தப் புள்ளையை நினைச்சு நினைச்சு வெந்துருக்கேன். சாப்பிட்டா அவ நினைப்பு, படுத்தா அவ நினைப்பு. அவ என்னை அப்படி ஒரு நாளாச்சும் நினைச்சிருக்க வேண்டாமா?

கேட்டேன். வெக்கத்தை விட்டுக் கேட்டேன். "எப்சி, உண்மையைச் சொல்லு. எனக்கு எட்டு வருஷ அனுபவம். கடைசியில போஸ்ட்டும் எனக்குத்தான் வந்துச்சு. என்னைப் பார்த்து உனக்கு எப்பவாச்சும், ஒரே ஒரு தடவையாச்சும், பொறாமையா இருந்துச்சா?"

யோசிக்கிறா. நல்லா நேரம் எடுத்து, எனக்காகத் தேடிப் பார்க்குறா. ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லிருவா, என் அனுபவத்தைச் சொல்லுவா, என் கையெழுத்தையாச்சும் சொல்லுவான்னு போனைக் காதோட அமுக்கிக்கிட்டு நிக்கிறேன்.

"எதுக்குண்ணே?"ன்னா.

கிண்டல் இல்லைங்கய்யா. கிண்டலா இருந்தா நான் இந்த வண்டியிலயே ஏறியிருக்க மாட்டேன். நெசமாவே தெரியாமத்தான் கேட்டா.